ஹெட்போனுக்கு மட்டும் ஒரு வசதி

"காதுதானே போச்சு, கண் இருக்கிறதே" என்று ஒரு பாட்டுக்காரனிடம் சொல்லத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டருக்கு அது இருந்தது. அபிசாய்க்குக் காது கேட்காது என்பதால், அதைக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதியே காட்டினாராம்.

அதை நினைக்கும்போதெல்லாம் ராவிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய முதலாளி, துப்பறியும் லிதியா நைவாலுவுக்கு ஒன்றும் பற்றவில்லை. காரின் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு ஃபெய்ஜோவா பழத்தை இரண்டாகப் பிளந்து டீஸ்பூனால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

"பாஸ், இன்னைக்கு இருட்டுறதுக்குள்ள ஆளைக் காட்டலைன்னா சவெனாதாவோட பசங்க இரும்புக் கம்பியோட விலிமோனி வீட்டுக்குப் போறாங்க. நீங்க பழம் தின்னுட்டிருக்கீங்க."

"கம்பி எடுக்கிறவனும் சாப்பிட்டுட்டுத்தான்டா எடுப்பான். வண்டியை ஓட்டு."

தெற்கு ஆக்லாந்துப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்றால் சனிக்கிழமை சைரன். காரின் தலையிலும் சைக்கிள் கைப்பிடியிலும் குழாய் ஸ்பீக்கர்களை அடுக்கிக் கட்டி, யாருடைய பாட்டு கணீரென்று அதிக தூரம் போகிறது என்று மோதிக்கொள்வார்கள். அபிசாயும் விலிமோனியும் அதில் இரண்டு பெருந்தலைகள். ஒருவனுக்கு ஒருவன் மாமன் மகன், அத்தை மகன். பார்த்த இடத்தில் எல்லாம் வாய் கூசாமல் திட்டிக்கொள்கிற மச்சான்கள்.

போன மோதலின்போது, மனுரேவா கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அபிசாய் போனை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, ஹெட்போனைச் சொருகி, ஒத்திகைக்காகத் திரையில் ஒரு கட்டையைத் தட்டினான். தட்டிய கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு விழுந்தான். ஆம்ப் வெடித்துவிட்டது என்றார்கள் கூட்டாளிகள். டாக்டரும் அதையே எழுதினார். அவனுடைய அண்ணன் சவெனாதா மட்டும் தம்பியின் போனைக் கொண்டுவந்து லிதியாவின் மேஜைமேல் வைத்தான்.

"ஆம்ப்பும் இல்ல, கீம்ப்பும் இல்ல. விலிமோனி அனுப்பின சத்தம்தான் என் தம்பி காதைத் தின்னுச்சு. நிரூபிச்சுக் குடுங்க அக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த 'மத்ததை' என்ன என்று ராவிரி கேட்கவில்லை. கம்பிகளை அவன் பார்த்திருந்தான்.

கார் ஏவன்டேலில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையின் முன் நின்றது. அங்கேதான் ஃபின்லே இருந்தான். போனின் கண்ணாடியை இசைக்கருவியாக்கும் 'ரிரோ' என்ற செயலியை ஒண்டி ஆளாக எழுதியவன். தொட்டால் புல்லாங்குழல், இழுத்தால் சைரன், அழுத்தினால் இடி. சைரன் பையன்கள் அத்தனை பேர் போனிலும் அதுதான். ஃபின்லேக்குத் தலையில் முடி குறைவு, பெருமை அதிகம்.

"யார் என்ன வசதி கேட்டாலும் சேர்ப்பேன்" என்றான். "பெரிய கம்பெனிக்காரன் காதுல போட்டுக்க மாட்டான். நான் அடுத்த வாரமே போட்டுடுவேன்."

"பாத்தோம். காதுலதான் போட்டிருக்கீங்க" என்றான் ராவிரி.

லிதியா அபிசாயின் போனை நீட்டினாள். "இதைத் திறங்க."

ரிரோ திறந்தது. திரையில் பளிச்சென்று ஃபிஜி மொழி வணக்கம் வந்தது: *புலா, விலிமோனி!*

ராவிரி குதித்தே விட்டான். "பாஸ்! இது விலிமோனி போன்! சவெனாதா தம்பியோட போன்னு சொல்லித்தானே குடுத்தான்?"

"வாழ்த்துல பேரை மாத்துற வசதி இன்னும் வைக்கலை" என்றான் ஃபின்லே கூச்சத்துடன். "முதல்ல யார் பேரு போட்டாங்களோ அதுவே நிக்கும். விவாகரத்து ஆன ஒருத்தர், இன்னும் பொண்டாட்டி பேரைச் சொல்லியே கூப்பிடுதுன்னு அழுதுட்டிருக்கார்."

"அவர் அழட்டும். புதுசா என்னென்ன சேர்த்தீங்க?"

ஃபின்லே முகம் மலர்ந்தது. பிள்ளை பெற்றவனிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்ட மாதிரி.

"ஒரு போன்ல செஞ்ச சத்தத்தை இன்னொரு போனுக்கு அனுப்பலாம். ஆளோட பேரைத் தொட்டா போதும், சத்தமில்லாம போய் முதல் கட்டையில உக்காந்துக்கும். அப்புறம், அனுப்பினவன் எவ்வளவு சத்தமா வச்சானோ அந்த அளவும் கூடவே போகும். அப்புறம் பூட்டு. சத்தம் ஒரு எல்லைக்கு மேல போகாம உள்ளே ஒரு பூட்டு உண்டு. அதைக் கழட்டிக்கிற வசதி. ஹெட்போன் மாட்டியிருக்கும்போது மட்டும்."

லிதியாவின் ஸ்பூன் பழத்திலேயே நின்றது. "யார் கேட்டாங்க?"

"சைரன் பசங்க. மூணு பேரு, மூணு புனைபேரு. யாருன்னு எனக்குத் தெரியாது."

"எல்லார் போன்லயும் இதெல்லாம் இருக்கா?"

"இல்லல்ல. வெளியிடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்குற ஏழெட்டு பேருக்கு மட்டும். அபிசாய், அவன் அண்ணன், விலிமோனி, இப்படி. மத்தவனுக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது."

"ஃபின்லே, சைரன்காரன் தெருவுக்கே கேக்கணும்னு வாசிக்கிறவன். அவனுக்கு ஹெட்போன்ல மட்டும் எதுக்குய்யா பூட்டைக் கழட்டணும்? உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"நான் எப்பவும் ஹெட்போன்லதான் வாசிப்பேன். அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. அதனால..." அவன் பாதியில் நிறுத்தினான். கணக்கு அவனுக்கே கூடிவிட்டது. முகத்தில் இருந்த பெருமை அப்படியே வடிந்தது.

"தனித்தனியா பாத்தா எல்லாம் விளையாட்டுச் சாமான்" என்றாள் லிதியா. "ஒருத்தனே மூணு வேஷத்துல வந்து வாங்கி, ஒண்ணாக் கோத்து, ஒரு ஆளோட காதுக்கு அனுப்பியிருக்கான். நீங்க கத்தி செஞ்சுட்டு, காய் நறுக்கத்தான்னு நினைச்சுட்டு உக்காந்திருக்கீங்க."

அடிபட்டவனை இன்னொரு முறை அடிப்பதில் லிதியாவுக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. ராவிரி கூரையைப் பார்த்தான்.

"அந்தப் பையனுக்காக ஒண்ணு சேர்த்திருக்கேன்" என்றான் ஃபின்லே தழுதழுத்த குரலில். "எதிர்ல யாராவது பேசினா திரையில எழுத்தா வரும். இங்கிலீஷ் மட்டும்தான். ஒரு குறை இருக்கு. இது பாட்டுக்காகச் செஞ்ச செயலி இல்லையா, பேச்சு இல்லாத எந்தச் சத்தத்தையும் 'இசை'ன்னு எழுதிடுது. நாய் குரைச்சாலும் இசை, கதவு அடிச்சாலும் இசை. அதை இன்னும் சரி பண்ணலை."

"என் மாமியார் பேசினா சைரன்னு வருமா?" என்றான் ராவிரி. யாரும் சிரிக்கவில்லை.

"இருக்கிறபடியே இந்த போன்ல ஏத்துங்க" என்றாள் லிதியா. "நானே அவன் கையில குடுக்கறேன்."

*

விலிமோனி டயர் கடையில் வேலை பார்த்தான். அவர்களைக் கண்டதும் ஓடவில்லை. ஜாக்கியை மெல்ல இறக்கிவிட்டு வந்து எதிரே நின்றான். மலை மாதிரி ஆள், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"உன் போன்லதான் அவன் காது போயிருக்கு" என்றான் ராவிரி எடுத்த எடுப்பில். "எதுக்குடா குடுத்தே?"

"நானா குடுக்கலை. அவன் கேட்டான்."

"கெரெகெரேயா?" என்றாள் லிதியா.

"ஆமா அக்கா."

ஃபிஜிக்காரர்களின் அந்த வழக்கத்தை ராவிரி பட்டு அறிந்தவன். சொந்தக்காரன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொன்னவனை மனிதர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தான் சொந்தமே இல்லை என்று எவ்வளவோ வாதாடியும், லிதியா அதே வழக்கத்தைச் சொல்லி அவனுடைய மழைக்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் காலையில அவன் போன் கார் சக்கரத்துல மாட்டி நொறுங்கிடுச்சு" என்றான் விலிமோனி. "கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஓடி வந்தான். 'டேய் பன்றி மூஞ்சி மச்சான், உன் போனையும் ஹெட்போனையும் குடுடா, உன் சாமானை வச்சே உன்னை அடிச்சாத்தான் எனக்கு ருசி'ன்னான். சிரிச்சுட்டே குடுத்தேன். எனக்கு என் தங்கச்சி போன் இருந்துச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சொல்லாதேன்னான். எதிராளிகிட்டக் கை நீட்டினேன்னு தெரிஞ்சா எங்கண்ணன் தோலை உரிச்சிடுவான்னான்." விலிமோனி டயர்களைப் பார்த்துக்கொண்டே பேசினான். "முதல் கட்டையைத் தட்டிப் பாக்காம நாங்க ரெண்டு பேரும் வாசிக்கவே மாட்டோம், அக்கா. அவன் கேக்காம இருந்திருந்தா நான் தட்டியிருப்பேன்."

"சாயங்காலம் உன் வீட்டுக்கு ஆளுங்க வராங்க. எங்கயாவது போயிடு."

"எங்க போறது? வரட்டும், அடிக்கட்டும். அவனுக்குக் கேக்காத பாட்டை நான் யாருக்கு வாசிக்கப் போறேன்?"

காரில் ஏறிய பிறகும் ராவிரி ஜோக் எதுவும் சொல்லவில்லை. லிதியா அதைக் கவனித்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க பாஸ். அந்தச் சத்தத்தை அனுப்பினவன் எந்தப் பேரைத் தொட்டான்?"

"இந்த போன்ல என்ன பேரு இருக்கு?"

"விலிமோனி."

"அப்ப விலிமோனியைத் தொட்டான். விலிமோனி காதுக்குத்தான் வச்சான். அபிசாய் நடுவுல கையை நீட்டி வாங்கிக்கிட்டான்."

"விலிமோனி செவிடாகணும்னு யாருக்கு ஆசை?"

லிதியா அடுத்த பழத்தை எடுத்தாள். "மாங்கரேக்குப் போ. நம்மளைக் கூப்பிட்டவர் காத்துட்டிருப்பார்."

*

சவெனாதா வீட்டு முற்றத்தில் பையன்கள் யங்கோனா வேர்ச்சாறு நிறைந்த பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கம்பிகள் வேலியில் வரிசையாகச் சாத்தியிருந்தன. ஒருவனும் சிரிக்கவில்லை.

உள்ளே பாயில், சுவரில் சாய்ந்து அபிசாய் உட்கார்ந்திருந்தான். லிதியா குனிந்து அவன் தோளைத் தொட்டு, போனில் எதையோ தட்டிக் கையில் கொடுத்தாள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தான்.

"அதை ஏன் அவன்கிட்டக் குடுக்கறீங்க?" என்றான் சவெனாதா.

"அவன் பொருள்தானே. பக்கத்து ரூமுக்குப் போய்ப் பேசலாமா?"

"எதுக்கு? அவனுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே. இங்கயே சொல்லுங்க."

காது போன நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். அபிசாயை வைத்துக்கொண்டே அவன் எப்படிப் பிழைக்கப் போகிறான், எந்தப் பெண் அவனைக் கட்டுவாள் என்றெல்லாம் தூணுக்கு முன்னால் பேசுகிற மாதிரி பேசினார்கள். சவெனாதா கெட்டவன் இல்லை. தம்பிக்கு ஊட்டிவிட்டதே அவன்தான்.

"விலிமோனியைப் பாத்தோம்" என்றாள் லிதியா.

"ஒத்துக்கிட்டானா?"

"நீங்க என்கிட்ட வந்த அன்னைக்கு, விலிமோனி அனுப்பின சத்தம்னு சொன்னீங்க. ஊரே ஆம்ப் வெடிச்சுதுன்னு சொல்லிட்டிருக்கு. உங்களுக்கு மட்டும் சத்தத்தை அனுப்பலாம்னு எப்படித் தோணுச்சு?"

"ரிரோவுல அந்த வசதி இருக்கே. சோதிச்சுப் பாக்குறவங்கள்ல நானும் ஒருத்தன். விலிமோனியும்தான்."

"கெட்டிக்காரர். அந்தச் சத்தம் இந்த போனுக்குத்தான் வந்துச்சு. ஆனா இந்த போன் உங்க தம்பியோடது இல்லை."

"என்ன உளர்றீங்க?"

"இது விலிமோனி போன். அபிசாயோடது காலையிலேயே நொறுங்கிப் போச்சு. உங்களுக்குப் பயந்து சொல்லாம, மச்சான்கிட்டக் கெரெகெரே கேட்டு இதை வாங்கியிருக்கான்."

சவெனாதாவின் வாய் திறந்தபடியே இருந்தது. ராவிரி இதுவரை எத்தனையோ குற்றவாளிகள் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்த்திருக்கிறான். இது அந்த முழி இல்லை. இவ்வளவு நாளாக ஒருவனை வெறுத்து உயிர் வளர்த்தவன், அந்த வெறுப்புக்கு இடமே இல்லை என்று தெரிந்துகொண்ட முகம். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஃபிஜி மொழியில் என்னவோ அரற்ற ஆரம்பித்தான்.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள் லிதியா. "என் அசிஸ்டன்ட் மாவோரி. அவனுக்குப் புரியணும்."

ராவிரி திரும்பி அவளைப் பார்த்தான். தனக்குப் புரிகிறதா என்று அவள் கவலைப்பட்டு அவன் கண்டதே இல்லை.

"அவன் திருப்பி அனுப்பிட்டான்னு நினைச்சேன்" என்றான் சவெனாதா. "நான் விலிமோனிக்குத்தான் அனுப்பினேன். அவன் கண்டுபிடிச்சு, அதையே என் தம்பிக்குத் திருப்பி விட்டுட்டான்னு நினைச்சேன். அதனாலதான் உங்ககிட்டயே வந்தேன்."

"மூணு வசதியையும் கேட்டது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"எத்தனை வருஷமா என் தம்பி ரெண்டாவதாவே நிக்கிறான், தெரியுமா? அவனை விட இவன் நல்லா வாசிப்பான். ஆனா கூட்டம் அவன் பேரைத்தான் கத்தும். ஒரு வாரம் காது அடைச்சு உக்காரட்டும்னுதான்..."

"பொய். ஒரு வாரத்துக்குப் பூட்டைக் கழட்ட வேண்டியதில்லை."

சவெனாதா மூக்கை உறிஞ்சினான். "ஆமா. முழுசாப் போகணும்னுதான் வச்சேன். போகட்டுமேன்னு நினைச்சேன்." பிறகு சட்டென்று லிதியாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, போலீஸ்ல சொல்லுங்க, சர்ச்ல சொல்லுங்க, எங்க வேணா சொல்லுங்க. இவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எழுதிக் காட்டிடாதீங்க."

"நான் எழுத மாட்டேன்" என்றாள் லிதியா.

அவள் குரலில் இருந்த நிதானம் ராவிரிக்கு உறுத்தியது. மெதுவாகத் திரும்பிப் பாயைப் பார்த்தான். அபிசாய் தலை குனிந்தபடியேதான் இருந்தான். அவன் மடியில் திரை வெளிச்சமாக இருந்தது. அதில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கடைசி இரண்டு வரிகளை ராவிரியால் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

*எழுதிக் காட்டிடாதீங்க*

*நான் எழுத மாட்டேன்*

பாவி, என்று ராவிரி மனதுக்குள் சொன்னான். அது சவெனாதாவை இல்லை. தான் சொல்லியிருந்தால் தம்பி நம்பியிருக்க மாட்டான், அண்ணன் வாயாலேயே வர வேண்டும் என்று லிதியா பிறகு நியாயம் சொல்வாள். அது சரியாகவும் இருக்கும். அதற்காக அவளை மன்னித்துவிட முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

அபிசாய் எழுந்தான். ஜன்னலுக்குப் போய் முற்றத்தைப் பார்த்துக் கத்தினான். தன் குரலின் அளவு தெரியாததால் அது தெருக்கோடி வரை போயிருக்கும்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா! கம்பியை எடுத்துட்டுப் போங்க! விலிமோனி ஒண்ணும் பண்ணலை!"

முற்றத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பையன்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அபிசாய் திரும்பி வந்து அண்ணனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சவெனாதா இப்போதுதான் அந்தத் திரையைப் பார்த்தான்.

"அண்ணே" என்றான் அபிசாய், அதே பெருங்குரலில். "நான் அந்த போனைக் கேக்காம இருந்திருந்தா, இந்நேரம் விலிமோனி இப்படி உக்காந்திருப்பான். நீ எனக்குக் கறி வாங்கிப் போட்டு, ஜெயிச்சோம்னு கொண்டாடியிருப்ப. நானும் தின்னிருப்பேன். இல்ல?"

சவெனாதா திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பாயைப் பார்த்தான்.

"சொல்லு அண்ணே. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

அபிசாய் போனை இரண்டு கையாலும் தூக்கி அண்ணனின் வாய்க்கு நேராகப் பிடித்தான். சவெனாதாவின் உதடு அசைந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவன் முகம் கோணி, மாடு அலறுவது போல அடிவயிற்றிலிருந்து அழுதான். வெளியே போய்க்கொண்டிருந்த பையன்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அபிசாய் திரையைப் பார்த்தான். அதில் ஒரே ஒரு சொல் வந்திருந்தது.

*இசை*